பழைய ஜீப்பின் ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸில் கை வைப்பதற்கு முன்

உங்கள் வண்டி 1968 மகிந்திரா சிஜே-3பி. ஸ்டியரிங் வீலை ஐந்தாறு அங்குலம் திருப்பிய பிறகுதான் முன்சக்கரம் அசைகிறது. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் முன்பக்கம் உதறுகிறது. மெக்கானிக் ஸ்டியரிங் பாக்ஸின் ஸ்க்ரூவை ஒருமுறை டைட் செய்தார், பத்து நாளில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இப்போது "பாக்ஸை மாற்றுங்கள், இல்லையென்றால் பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாம்" என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது? அது தெரியாமல் எதை வாங்கினாலும் பாதிப் பணம் வீண்.

நீங்கள் எழுதியதை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு. ஸ்க்ரூவை இறுக்கியது பத்து நாள்கூட நிற்கவில்லை என்றால், ஒன்று லாக் நட் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது பாக்ஸின் உள்ளே செக்டர் ஷாஃப்டின் (அசைவை வெளியே கொண்டுவரும் தண்டு) புஷ், அதாவது அது சுழலும் உள்வளையம், போயிருக்கிறது, அல்லது ஆட்டத்தின் பெரும்பகுதி பாக்ஸிலேயே இல்லை. இன்னொன்று, பாக்ஸ் தேய்ந்தால் வண்டி அலையும். ஆனால் உதறலுக்கு அது மட்டும் காரணமாக இருப்பது அரிது. உதறல் பெரும்பாலும் கிங் பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு), பெல் கிராங்க் (அசைவை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் முழங்கை), டை ராடு எண்டு (அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை மூட்டு), வீல் பேரிங், டயர் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து தருவது. இதில் உங்கள் வண்டியில் எது என்பதை அடியில் படுத்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. என் ஊகம் பெல் கிராங்க்கும் கிங் பின்னும். ஊகம்தான், அதை நம்பிப் பாகம் வாங்காதீர்கள்.

ஆட்டம் எப்படிக் கூடுகிறது என்று முதலில் ஒரு கணக்கு. இந்த ஜீப்பில் வருவது ராஸ் வகை பாக்ஸ். ஸ்டியரிங் வீலோடு சுழலும் தண்டின் முனையில் திருகுப் பள்ளம் வெட்டிய கேம் ஒன்று இருக்கும். செக்டர் ஷாஃப்டில் உள்ள இரண்டு கூம்புப் பின்கள் அந்தப் பள்ளத்தில் ஓடும். நடுப்பகுதியில் விகிதம் ஏறத்தாழ 12-க்கு 1. செக்டர் ஷாஃப்டில் மாட்டிய கையான பிட்மேன் ஆர்ம் சுமார் ஆறு அங்குல நீளம், ஸ்டியரிங் வீலின் குறுக்களவு 17 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கையை பெல் கிராங்க்கோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க்கில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் வீல் விளிம்பில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் தெரியும். மூன்று மூட்டுகளில் அரை அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே வீலில் ஓர் அங்குலம் ஆட்டம் வந்துவிடும். தனித்தனியாக எந்த மூட்டைப் பார்த்தாலும் "இது ஒன்றுமில்லை" என்றுதான் தோன்றும். உங்களிடம் இருக்கும் ஐந்தாறு அங்குலம் ஒரே இடத்திலிருந்து வர வாய்ப்பு குறைவு. இந்த வயது வண்டியில் ஓர் அங்குலம் வரை ஆட்டம் இருந்தால் விட்டுவிடலாம்; காரைப் போல ஆட்டமே இல்லாமல் செய்கிறேன் என்று கிளம்பினால் பாக்ஸைக் கெடுத்துத்தான் நிறுத்துவீர்கள்.

சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, ஓர் ஆள் துணைக்கு இருந்தால் போதும். வண்டி தரையில் தன் எடையோடு நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். உதவிக்கு வந்தவர் வீலை இடமும் வலமுமாக மூன்று அங்குலம் நிதானமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலைக் குறுக்கே வையுங்கள், ஒரு விரலின் பாதி இந்தப் பாகத்திலும் மீதி அந்தப் பாகத்திலும் படும்படி. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். வரிசை இது: பாக்ஸிலிருந்து இறங்கும் பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க்கின் பின்முனை, அதன் முன்முனை, முன் கிராஸ் மெம்பரின் நடுவில் இருக்கும் பெல் கிராங்க், அதிலிருந்து இரு பக்கமும் போகும் இரண்டு டை ராடுகளின் நான்கு முனைகள். வீல் அசைந்தும் பிட்மேன் ஆர்ம் அசையவில்லையா, ஆட்டம் பாக்ஸில். ஆர்ம் அசைந்தும் பெல் கிராங்க் அசையவில்லையா, டிராக் லிங்க்கில். இப்படியே போங்கள், அசைவு எங்கே தொலைகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதல் குறை கிடைத்தவுடன் எழுந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

அதே நேரத்தில் பாக்ஸ் ஃபிரேமோடு சேரும் இடத்தையும் ஒரு கண் பாருங்கள். வீலை ஆட்டும்போது பாக்ஸ் முழுவதுமாக ஃபிரேமின் மேல் நகர்கிறதா? போல்ட் லூசாக இருக்கலாம். அதைவிட மோசம், போல்ட் துளையைச் சுற்றி ஃபிரேம் விரிசல் விட்டிருக்கலாம். இந்த ஜீப்புகளின் பலவீனமான இடம் அது. கடற்கரை ஓரம் நின்ற வண்டிகளில் உப்புக் காற்றில் இரும்பு இளைத்து அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பெயிண்டும் அழுக்கும் விரிசலை மறைத்துவிடும், ஆகவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் அதன் முனையில் சிறு துளை போட்டு நிறுத்தி, மேலே பிளேட் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். விரிசலின் மேலேயே ஒரு கோடு வெல்டிங் இழுத்தால் பக்கத்தில் புதிதாகக் கிழியும்.

அடுத்து ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலின் கீழ் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் துணைக்கு இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங், மறையாவிட்டால் கிங் பின். வீல் பேரிங் என்றால் வேலை சுலபம்: உள் நட்டை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அது பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, லாக் வாஷரையும் வெளி நட்டையும் போட்டு இறுக்கி, வாஷரை நட்டின் மேல் மடக்கிவிடலாம். கழற்றியதோடு பேரிங்கைக் கழுவிப் பாருங்கள். உருளையில் புள்ளி விழுந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை.

கிங் பின் என்றால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த ஆக்சிலில் புஷ் கிடையாது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூடிய உருண்டையான நக்கிளின் மேலும் கீழும் ஒவ்வொரு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். மூடிகளின் கீழ் இருக்கும் ஷிம்களை, அதாவது மெல்லிய தகடுகளை, எடுப்பதும் போடுவதும்தான் அட்ஜஸ்ட்மென்ட். நக்கிள் ஆயில் சீல் கழன்ற நிலையில், டை ராடு கழற்றிய துளையில் ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுத்தால், நக்கிள் 12 முதல் 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை முதல் ஏழேகால் கிலோ இழுப்பில் திரும்ப வேண்டும். இது இந்த ஜீப்பை முதலில் வடிவமைத்த வில்லிஸ் நிறுவனத்தின் கையேடு தரும் அளவு. கையால் "டைட்டா இருக்கு" என்று சொல்லி முடிப்பது இதற்கு ஈடாகாது. இழுப்பு குறைவாக இருந்தால் ஷிம்மை எடுங்கள். மேலும் கீழும் சமமாக எடுத்தால்தான் ஆக்சில் ஷாஃப்ட் நடுவில் நிற்கும். ஷிம் எடுக்கும் முன் பேரிங் கிண்ணத்தை விரலால் தடவிப் பாருங்கள். வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது, ஆகவே உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கிண்ணத்தில் வரிவரியாகப் பள்ளம் விழுந்துவிடும். அந்த நிலையில் ஷிம் எடுத்து இறுக்கினால் நேரான நிலையில் ஸ்டியரிங் "டக்" என்று உட்காரும், அங்கிருந்து எழ மறுக்கும், வளைவு முடிந்து தானாகத் திரும்பாது. கிண்ணத்தோடு சேர்த்துப் பேரிங்கை மாற்றுவதே வழி. சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கார்த்திகை மழையில் ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டிய வண்டியில் கிழிந்த சீல் வழியாகத் தண்ணீர் நக்கிளுக்குள் போயிருக்கும். நிரப்பும் துளையின் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் பேரிங்கும் உள்ளே இருக்கும் ஜாயின்ட்டும் கழுவப்பட வேண்டும்.

பெல் கிராங்க்தான் இந்த வடிவமைப்பின் அடிப்படைக் குறை என்பது என் கருத்து. டிராக் லிங்க் தரும் அசைவை இரண்டு டை ராடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் இந்த முழங்கை, ஒரே ஒரு பின்னில், நீடில் பேரிங்கின் மேல் சுழல்கிறது. எஞ்சினுக்கு முன்னால், ரோட்டுத் தண்ணீர் நேராக அடிக்கும் இடத்தில் அது இருக்கிறது. கிரீஸ் அடிக்காமல் ஓடினால் நீடில் துருப்பிடித்துப் பொடியாகி பின்னைத் தின்றுவிடும். கிராங்க்கை மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். முனையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தூக்கினால் கழற்ற வேண்டியதுதான். ரிப்பேர் கிட் வாங்கும் முன் பழைய பின்னை வெர்னியரால் அளந்து கொண்டு போங்கள், ஏனென்றால் இரண்டு விட்டங்களில் பின்கள் புழக்கத்தில் இருக்கின்றன, "ஜீப் பெல் கிராங்க் கிட்" என்று மட்டும் கேட்டால் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கையில் கிடைப்பது கொடுக்கப்படும். கிராஸ் மெம்பரில் பின் உட்காரும் இடமே நீள்வட்டமாகிவிட்டிருந்தால் புதுப் பின் ஒரு மாதம் தாங்காது. அந்த பிராக்கெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் போர் எடுத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். நீடிலுக்குப் பதில் வெண்கல புஷ் போடலாமா என்பதில் இரு கருத்து உண்டு. வாரம் தவறாமல் கிரீஸ் அடிப்பவருக்கு புஷ் நன்றாகவே உழைக்கும், மறப்பவருக்கு இரண்டுமே உழைக்காது.

டிராக் லிங்க்கை மாற்றச் சொல்வதற்கு முன் அதை அட்ஜஸ்ட் செய்ய முடியும் என்பதை நினைவில் வையுங்கள். இரு முனையிலும் பந்து, அதைக் கவ்வும் கிண்ணங்கள், ஒரு ஸ்பிரிங், மூடும் திருகு பிளக், குறுக்கே ஸ்பிளிட் பின். முன்முனையில் பிளக்கை நன்றாக இறுக்கி அரைச் சுற்று தளர்த்த வேண்டும், பாக்ஸ் பக்க முனையில் இறுக்கி ஒரு முழுச் சுற்று தளர்த்த வேண்டும். கழற்றும்போது உள்ளிருந்து வரும் பாகங்களை வந்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள். ஸ்பிரிங் இரு முனையிலும் ஒரே இடத்தில் வராது. ரோட்டு அதிர்ச்சி இரு திசையிலும் தணிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மாற்றிப் போட்டால் ஆட்டம் அப்படியே இருக்கும், காரணமும் புரியாது. பந்து உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவமாகியிருந்தால் பிளக்கை எவ்வளவு இறுக்கினாலும் திரும்பும்போது பிடிக்கும், நேராக வரும்போது ஆடும். டை ராடு எண்டுகளுக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, ஆடினால் மாற்ற வேண்டும். ஒன்று வலது மரை, மற்றொன்று இடது மரை என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். போடும் முன் ஆர்மின் கூம்புத் துளையைத் துடைத்து, எண்டின் ஸ்டட் முழுவதும் உட்காருகிறதா பாருங்கள். துளையே தேய்ந்து ஸ்டட் உள்ளே சுற்றினால் புது எண்டு காசுக்குக் கேடு. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது.

இவையெல்லாம் முடிந்த பிறகே பாக்ஸ். முதலில் டிராக் லிங்க்கை பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றுங்கள், அப்போதுதான் பாக்ஸின் உண்மையான கனம் கைக்குத் தெரியும். பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு வீலை மேலும் கீழும் இழுங்கள். தண்டு நீளவாக்கில் ஆடினால் பாக்ஸின் மேல் மூடியின் கீழ் இருக்கும் ஷிம்களில் மெல்லியதாக ஒன்றை எடுத்து மறுபடி பாருங்கள். ஆட்டம் போகவும் வேண்டும், வீல் விரல் நுனியால் சுற்றும்படியும் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு நேராக ஸ்க்ரூவுக்குப் போவதுதான் பட்டறைகளில் வழக்கம். உங்கள் வண்டிக்கும் அதுதான் நடந்திருக்கும். அடுத்து வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் வைத்துப் பக்கவாட்டு ஸ்க்ரூவை மெல்ல இறுக்கி, நடுவைக் கடக்கும்போது மட்டும் மிக லேசான பிடிப்பு தெரியும்படி நிறுத்தி லாக் நட்டைப் போடுங்கள். கேமின் பள்ளம் நடுவில் சற்றுக் குறுகலாகவே வெட்டப்பட்டிருக்கும், பிடிப்பு அங்கேதான் இருக்க வேண்டும், இரு பக்கமும் போகப் போக லேசாக வேண்டும்.

இங்கேதான் பாக்ஸ் தேறுமா தேறாதா என்பதும் தெரியும். நடுவில் ஆட்டம் போகும்படி இறுக்கியவுடன் இரு பக்கமும் இறுகிப் பிடித்தால், நடுப் பள்ளம் தேய்ந்துவிட்டது என்று பொருள். எந்த ஸ்க்ரூவும் அதைச் சரிசெய்யாது. கேமும் பின்களும் புதிதாக வேண்டும். புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பாக்ஸ் வாங்குவதானால் கடையிலேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி இதே சோதனையைச் செய்து பாருங்கள். பிட்மேன் ஆர்மைப் பிடித்து மேலும் கீழும் நெம்பும்போது ஷாஃப்ட் ஆடினால் கேஸிங்கின் புஷ் போயிருக்கிறது. நல்ல டர்னர் புஷ் கடைந்து, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டுக் கொடுத்துவிடுவார், செலவு பெரிதாகாது. தேய்ந்த பின்னையோ கேமையோ வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் பாக்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அது ஓடும்போது உடைந்தால் வீல் கையோடு வெறுமனே சுற்றும். பாக்ஸ் ஒழுகினால் கெட்டி கிரீஸை அடைத்துவிடுவதும் வழக்கம். கேம் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும், அது திரும்பி வராது, மேல் பேரிங் காய்ந்துவிடும். 90 நம்பர் கியர் ஆயில்தான் அதற்குப் பொருத்தம். கால் லிட்டர்கூட வேண்டியிராது. சீல் மாற்றும் வரை பாதித் திரவமான கிரீஸ் விட்டு ஓட்டுவதை நான் மறுக்க மாட்டேன்.

கடைசியாக அலைன்மென்ட். கணினி அலைன்மென்ட் கடைகளில் இந்த வண்டியின் அளவுகள் பெரும்பாலும் இருக்காது. நூலும் டேப்பும் போதும். பெல் கிராங்க்கின் டை ராடு பக்கம் ஆக்சிலுக்குச் செங்குத்தாகவும், அதே நேரத்தில் பாக்ஸ் தன் நடுவிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக அமையாவிட்டால் யாரோ பிட்மேன் ஆர்மைப் பல் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தால் பாக்ஸ் நேரான ஓட்டத்தில் தன் இறுக்கமான இடத்தில் நிற்கவே நிற்காது, ஆட்டம் தீரவே தீராது. அது சரியானதும் ஒரு பக்கச் சக்கரத்தைப் பின்சக்கரத்தோடு நூல் பிடித்து நேராக்கி, மறுபக்கமும் அப்படியே செய்து, பிறகு டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருப்பது) வையுங்கள். டயரைச் சுற்றிவிட்டு நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆக்சில் உயரத்தில் முன்னும் பின்னும் அளந்தால், முன்பக்கம் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். காஸ்டர், அதாவது கிங் பின்னின் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், 3 டிகிரி. வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று முன் ஸ்பிரிங்கில் நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையை ஃபிரேமோடு இணைக்கும் பட்டை) போட்டிருந்தால் காஸ்டர் குறைந்து வண்டி நேராக ஓட மறுக்கும். பழைய ஷேக்கிளுக்கே திரும்புங்கள், முடியாவிட்டால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம்மை, தடித்த பக்கம் முன்னால் இருக்கும்படி வையுங்கள். யூ-போல்ட்டும் அப்போதே இறுக்கப்படட்டும். 6.00-16 டயர் என்றால் முன்னால் 24 பிஎஸ்ஐ-யை ஒட்டி, இரு பக்கமும் சமமாக. லாரிக்காரர் பழக்கத்தில் 40 அடித்தால் எல்லாம் சரியாக இருந்தாலும் உதறலாம்.

ஸ்டியரிங் டேம்பர் (லிங்க்கேஜின் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். தேய்ந்த மூட்டின் உதறலை அது ஆறு மாதம் மறைக்கும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். பவர் ஸ்டியரிங்கும் அப்படித்தான்: லூசான லிங்க்கேஜின் மேல் வைத்தால் அதே ஆட்டம் எளிதாகத் திரும்பும் வீலோடு கிடைக்கும். பாக்ஸ் வைக்க ஃபிரேமை வெட்ட வேண்டும் என்றால் இன்னொன்றும் யோசியுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜாகப் பதிவு செய்ய 2021-இல் வந்த மத்திய விதி, சேசிஸில் மாற்றம் செய்யாத அசல் வடிவத்தைக் கேட்கிறது. உங்களுடையது அந்த வயதைக் கடந்தது.

வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் பிட்மேன் நட், யூ-போல்ட், பாக்ஸ் போல்ட்டுகளை மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பிறகு 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல் கிராங்க், டிராக் லிங்க், டை ராடு எண்டுகள் எல்லாவற்றுக்கும் கிரீஸ், பழையது வெளியே வழியும் வரை. தண்ணீரில் இறங்கிய நாள் என்றால் கணக்குப் பார்க்காமல் அன்று மாலையே.